நின்ற பந்தா, பாய்ந்து வரும் பந்தா?

கேள்வி: ஐயா, நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தினமும் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் புல்தரை பராமரிக்கும் வேலைக்குப் போகிறார். மகள் தமிழ் மீடியத்தில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அண்ணனோடும் தெருப் பையன்களோடும் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவள், நன்றாக அடிப்பாள். இந்த வருடம் பள்ளியில் பி.டி. சார் பெண்களுக்குப் பேஸ்பால் டீம் சேர்க்கிறார், இவளையும் கூப்பிட்டிருக்கிறார். இதற்கிடையில் அவள் அப்பா அனுமதி வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சித் திடலுக்குக் கூட்டிப்போய் கோல்ஃப் மட்டையைக் கையில் கொடுத்தார். பத்துப் பந்தில் இரண்டுதான் பறந்தது. அதைக் கேட்ட என் கொழுந்தனார், "தரையில் சும்மா கிடக்கிற பந்தையே அடிக்க முடியவில்லை, பாய்ந்து வருகிற பந்தை எங்கே அடிக்கப் போகிறாய்?" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேஸ்பாலுக்கும் போகமாட்டேன் என்கிறாள். இரண்டில் எது கற்றுக்கொள்ளக் கடினம்? எதில் சேர்ப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒன்று சொல்லுங்கள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கோல்ஃப் மட்டையைத் தொட்ட அன்றே பத்தில் இரண்டைப் பறக்கவிட்டது நல்ல தொடக்கம். பல வருடம் கிரிக்கெட் ஆடிய பெரிய ஆட்களே முதல் நாளில் பந்தை விட்டுவிட்டுத் தரையைப் பெயர்ப்பார்கள். அவள் சித்தப்பா கேட்டது நியாயமான கேள்வி போலத் தோன்றும், ஆனால் அதன் அடிப்படையே தவறு. நின்ற பந்தை அடிப்பது முதல் படி, ஓடி வரும் பந்தை அடிப்பது இரண்டாம் படி என்று அவர் நினைக்கிறார். அப்படி ஏறுவரிசை எதுவும் கிடையாது. இரண்டும் வேறு வேறு திறமை. ஒன்று வராததால் மற்றது வராது என்று ஆகாது. தெருவில் பந்தை விளாசுகிற பெண்ணுக்குக் கோல்ஃப் பந்து ஏன் அடங்கவில்லை என்று பார்த்தாலே இது புரிந்துவிடும்.

கோல்ஃப் பந்தின் குறுக்களவு 4.27 செ.மீ. அதன் நடுப்பகுதி தரையிலிருந்து 2 செ.மீ. சொச்சம் உயரத்தில்தான் இருக்கிறது. மட்டை அதற்கு மேலே பட்டால் பந்து புல்லில் உருண்டு ஓடும். பந்துக்கு முன்பே தரையில் பட்டால் மண்தான் பறக்கும், பந்து பக்கத்திலேயே விழும். இந்தக் குறுகிய இடைவெளியை, டிரைவர் என்கிற தூர அடி மட்டை என்றால் சுமார் 114 செ.மீ. நீளமுள்ள ஒரு குச்சியின் நுனியால், உடம்பைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டுத் திரும்ப வந்து பிடிக்க வேண்டும். அதோடு முடியவில்லை. பந்தில் படும் நொடியில் மட்டையின் முகம் ஒரே ஒரு டிகிரி திரும்பி, பந்து அந்தப் பக்கமே கிளம்பினால், 200 மீட்டர் தள்ளி அது மூன்றரை மீட்டர் விலகி விழும். ஐந்து டிகிரி என்றால் 17 மீட்டர். அதாவது புல்வெளியை விட்டு மரத்தடிக்குப் போய்விடும். கிரிக்கெட்டில் ஐந்து டிகிரி திரும்பினால் பந்து மிட் ஆஃபுக்குக் கொஞ்சம் தள்ளிப் போகும், ஓர் ஓட்டம் கூடக் கிடைக்கலாம்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் பெரியது. கிரிக்கெட்டில் பந்து வருகிறது. அதைப் பார்த்து அவள் கை தானாகக் கிளம்புகிறது. அவள் யோசிப்பதே இல்லை. கோல்ஃபில் பந்து கிளப்பாது, அவள்தான் கிளப்ப வேண்டும். காத்திருக்கிற அந்தச் சில நொடிகளில் காலை எங்கே வைப்பது, முழங்கை மடங்குகிறதா, அப்பா பார்க்கிறாரா என்று எல்லாம் மனதில் ஓடும். ஓடினால் அடி கெடும். பாய்ந்து வரும் பந்து அவளுக்கு யோசிக்க நேரம் தராததே ஒரு உதவி. அந்த உதவி கோல்ஃபில் இல்லை.

அப்புறம், அவள் பந்தைத் தூக்கிவிடப் பார்த்திருப்பாள். கிட்டத்தட்ட எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். கோல்ஃப் மட்டையின் முகத்தைச் சாய்த்துத்தான் செய்திருக்கிறார்கள். தூக்கும் வேலையை அந்தச் சாய்வு பார்த்துக்கொள்ளும். இரும்பு மட்டையில் பந்தைக் கீழ்நோக்கி அடித்தால்தான் அது மேலே போகும். இதை வாயால் சொல்லிவிடலாம், உடம்பு நம்புவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

சரி, பேஸ்பால் எளிதா? பேஸ்பாலில் பேட்டிங், விளையாட்டுகளிலேயே மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. அமெரிக்காவின் பெரிய லீக் ஆட்டத்தில் பிட்ச்சர், அதாவது பந்து எறிபவர், நிற்கும் இடத்துக்கும் அடிப்பவர் பக்கத்தில் இருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவில் 18.44 மீட்டர். 150 கி.மீ. வேகத்தில் எறிந்த பந்து அடிப்பவரிடம் வந்து சேர சுமார் 0.4 நொடிதான் ஆகும். அதிலும் பேட்டைச் சுழற்றவே ஒரு பகுதி போய்விடும்; அடிப்பதா, விடுவதா என்று முடிவெடுக்க மிச்சம் இருப்பது கால் நொடி போல. பேட் உருண்டை, பந்தும் உருண்டை. பேட்டின் மிகத் தடிமனான இடமே 6.6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கிரிக்கெட் மட்டைக்கு 10.8 செ.மீ. வரை தட்டையான முகம் உண்டு. இரண்டு உருண்டைகள் மோதும்போது சில மில்லிமீட்டர் மேலே கீழே போனால் பந்து வானத்துக்கோ காலடிக்கோ போய்விடும்.

அதனால்தான் அங்கே பத்து முறை முயன்று மூன்று முறை வெற்றி கண்டவரை நல்ல பேட்டர் என்கிறார்கள். 1941இல் டெட் வில்லியம்ஸ் 0.406 என்ற சராசரியோடு, அதாவது பத்துக்கு நான்கு என்ற கணக்கில், சீசனை முடித்தார். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் அதற்குப் பிறகு எத்தனையோ வீரர்கள் வந்தும் ஒரு முழு சீசனில் 0.400ஐ யாரும் எட்டவில்லை. இன்னொரு சாட்சி மைக்கேல் ஜோர்டான். உலகின் மிகச் சிறந்த கூடைப்பந்து வீரராக இருந்தவர், 1993இல் ஓய்வு அறிவித்துவிட்டு, அடுத்த ஆண்டு பேஸ்பாலுக்கு வந்து பர்மிங்காம் பேரன்ஸ் என்ற இரண்டாம் நிலை அணியில் ஆடினார். அவ்வளவு உடல்திறனும் அவ்வளவு உழைப்பும் இருந்தும் அந்த சீசனில் அவருடைய சராசரி 0.202. சிறு வயதிலிருந்து ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பழகிய கண்ணை முப்பது வயதுக்கு மேல் ஒரே வருடத்தில் வாங்க முடியவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் நம் நாட்டுக் கதை ஒன்று. 2008இல் இந்தியாவில் வேகமாகப் பந்து எறிபவர்களைத் தேடி ஒரு போட்டி நடந்தது. அதில் தேர்வான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிபவர்கள், பேஸ்பாலே ஆடியதில்லை. (இந்த ரிங்கு சிங் கிரிக்கெட் ஆடும் ரிங்கு சிங் அல்ல.) அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுத்து, அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். அவர்கள் பிட்ச்சர்கள் என்பதைக் கவனியுங்கள். எறியும் கை இருந்தது, எறிவதைச் செதுக்கிக்கொண்டார்கள். அவ்வளவு சீக்கிரம் யாரையும் பேட்டர் ஆக்கியிருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

ஒரே விளையாட்டுக்குள்ளேயே சில வேலைகள் சீக்கிரம் வரும், சில வராது. இதுதான் உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையம். பேஸ்பாலில் ஒன்பது பேர் களத்தில் நிற்கிறார்கள். நன்றாக எறியத் தெரிந்த பெண் ஒருத்தி, பேட்டிங் வராவிட்டாலும் முதல் வாரத்திலேயே டீமுக்குப் பயன்படுவாள். வேகமாக ஓடுகிறவள் இன்னும் பயன்படுவாள். ஓட்டப்பந்தய வீராங்கனை பி.யு. சித்ராவைத் தந்த மாவட்டம் உங்களுடையது, ஓட்டத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒருத்தி தவறவிட்ட பந்தை இன்னொருத்தி பின்னால் நின்று எடுத்துக் கொடுப்பாள். அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போனால் ஃபவுல். அடிக்கத் தவறினால் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். ஆனால் இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகும் சாதாரண ஃபவுல் அடியால் அவுட் ஆகமாட்டாள், இன்னொரு பந்து கிடைக்கும்.

கோல்ஃபில் இதெல்லாம் கிடையாது. அடித்த பந்து புதருக்குள் போனால் அங்கேயே போய் நின்று அடிக்க வேண்டும், இல்லையென்றால் அபராத அடி. அடிக்க வீசி, பந்தில் படாமல் காற்றில் போனாலும் அதுவும் ஒரு அடியாகக் கணக்கில் ஏறும். 18 குழிக்கு வழக்கமாக 72 அடி என்று வைத்திருக்கும் மைதானத்தில், புதிதாக ஆடும் பெரியவர் 110, 120 அடிகள் எடுப்பது சாதாரணம். நூறுக்குக் கீழே வருவதே பலருக்குப் பெரிய கொண்டாட்டம். நூறுக்கு மேல் வரும் ஒவ்வொரு அடியும் உங்கள் மகளுடைய அடி, பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆட்டத்துக்குள் நுழைவதற்கு, அதுவும் கிரிக்கெட் ஆடிய பிள்ளைக்கு, பேஸ்பால் தெளிவாக எளிது. ஓரளவு நன்றாக ஆடும் நிலைக்கு வருவதற்குக் கோல்ஃப்தான் நீண்ட வழி. உச்சியில் பார்த்தால், வேகமான பிட்ச்சரை எதிர்கொள்வது கோல்ஃபின் எந்த ஒரு அடியையும் விடக் கடினம். ஆனால் நான்கு நாள் போட்டி முழுவதும் அடி பிசகாமல் ஆடுவது அதற்குச் சளைத்ததல்ல. உங்கள் மகள் நிற்கும் இடத்துக்கு முதல் வாக்கியம்தான் முக்கியம். அவளைப் பேஸ்பாலில் சேருங்கள். கோல்ஃபை விடவும் வேண்டாம்.

பள்ளி ஆட்டத்தில் யாரும் 150 கி.மீ. வேகத்தில் எறியப்போவதில்லை. அமெரிக்காவில் 12 வயது வரையிலான பிள்ளைகள் ஆடும் லிட்டில் லீக்கில் பிட்ச்சரின் தூரம் 14 மீட்டர். அந்தத் தூரத்திலிருந்து 70 கி.மீ. வேகத்தில் வரும் பந்துக்கு முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவாக நேரம் கிடைக்கும். தெருவில் அண்ணன் போடும் பந்தைச் சமாளிக்கிறவளுக்கு இது பழகக்கூடியதுதான். ஆனால் பழைய பழக்கங்கள் சிலவற்றை அவள் விட வேண்டிவரும். இதை முன்பே சொல்லிவைத்தால் முதல் வாரம் அழமாட்டாள்.

கிரிக்கெட்டில் பந்து குத்தி வரும், பேஸ்பாலில் குத்தாது. அதாவது எல்லாமே ஃபுல் டாஸ். தெருவில் ஃபுல் டாஸ் வந்தால் கொண்டாட்டம். இங்கே அது நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் குறிவைத்து வரும், நல்ல பிட்ச்சர் கையில் கடைசி நேரத்தில் வளையும். "பேட்டை நேராக வை, குறுக்கே அடிக்காதே" என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அதை மறக்க வேண்டும். பேஸ்பாலில் குறுக்கே சுழற்றுவதுதான் முறை. பின்பக்கம் தட்டிவிட்டு ஓட்டம் எடுக்கும் லேட் கட், லெக் கிளான்ஸ் எல்லாம் ஃபவுல் ஆகிவிடும், ஏனென்றால் பந்து முன்னால் இருக்கும் 90 டிகிரிக்குள்தான் போக வேண்டும். அடித்து உள்ளே விழுந்தால் கட்டாயம் ஓட வேண்டும், அதுவும் பேட்டைக் கீழே போட்டுவிட்டு. பேட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடாத கிரிக்கெட் பிள்ளையை நான் பார்த்ததில்லை. பிடிப்பதிலும் மாற்றம் உண்டு. இரண்டு வெறுங்கையால் பிடித்துப் பழகியவள், எறியாத கையில் கிளவ் மாட்டி அதில் பந்தை வாங்க வேண்டும். வலது கையால் எறிபவள் என்றால் கிளவ் இடது கைக்கு. கடையில் சிலர் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பேட், ஹெல்மெட் எல்லாம் பள்ளியில் பொதுவாக இருக்கும். சொந்தமாக வேண்டியது கிளவ் ஒன்றுதான், அதையும் முதல் மாதம் போகட்டும், பிறகு பார்க்கலாம்.

வெறுங்கையால் பிடித்துப் பழகியதில் ஒரு லாபமும் உண்டு. வேகமாக வரும் பந்துக்கு அவள் கை பயப்படாது. புதிதாக வரும் பல பிள்ளைகளுக்கு அந்தப் பயத்தைப் போக்கவே பயிற்சியாளருக்குப் பாதிப் பருவம் போய்விடுகிறது.

பள்ளி டீம் நன்றாக ஆடினால் உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று மேலே போகும் வழி இருக்கிறது. மாநில அளவில் ஆடும் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பில் கிரேஸ் மார்க் கிடைப்பதுண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இந்த வருட நிலவரத்தைப் பி.டி. சாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து மைதானத்தில் சாஃப்ட்பால் ஆடுவதைப் பார்த்தால் அதையும் ஒரு கை பார்க்கச் சொல்லுங்கள். பந்து பெரிது, எறிவது கீழ்க்கையால், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருப்பதும் அதுதான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் திரும்ப வருகின்றன, கூடவே கிரிக்கெட்டும்.

இனி கோல்ஃபுக்கு வருகிறேன். அவள் அப்பா அவளைக் கூட்டிப்போனதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். கோல்ஃப் பணக்காரர்களுக்கு மட்டும் என்று ஒதுங்குகிறவர்களிடம் நான் சொல்லும் பெயர்கள் இரண்டு. டெல்லியில் மற்றவர்களுக்கு மட்டைப் பை சுமந்து ஆட்டம் கற்ற அலி ஷேர், 1991இலும் 1993இலும் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் அதே போலப் பை சுமந்து வளர்ந்த சி. முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். புல்லை வெட்டிச் சீர் செய்கிறவருக்கு அந்தத் தரையின் சரிவும் ஈரமும் தெரியும். உறுப்பினர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் அது. பந்து எந்தப் பக்கம் சரியும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவரை விடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

அவர் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிக்கொள்ளட்டும். பெரிய மட்டையை எடுத்துத் தூரமாக அடிக்க வைப்பதிலிருந்து தொடங்க வேண்டாம். 72 அடி என்று கணக்கு வைக்கும்போது, குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகளைக் குழியருகே உருட்டுவதற்கே ஒதுக்கியிருக்கிறார்கள். பாதி ஆட்டம் அங்கே இருக்கிறது. அதற்குப் பலமும் வேண்டாம், உயரமும் வேண்டாம். பட்டர் என்கிற உருட்டு மட்டை ஒன்று பழையதாகக் கிடைத்தாலும் போதும். வீட்டுச் சிமெண்டுத் தரையில் ஒரு டம்ளரைப் படுக்கவைத்து, ஐந்தடி தூரத்திலிருந்து உருட்டிப் பழகட்டும். உண்மையான குழியின் விட்டம் 10.8 செ.மீ., டம்ளரின் வாய் அதைவிடச் சிறிது. இங்கே விழுந்தால் அங்கே சுலபமாக விழும். தினமும் கால் மணி நேரம், சாப்பாட்டுக்கு முன்னால், யாரும் கணக்கெடுக்காமல்.

திடலுக்குப் போகும் ஞாயிறுகளில் 7ஆம் எண் இரும்பு மட்டை ஒன்றே போதும். 14 மட்டைகள் என்பது விதி அனுமதிக்கும் உச்சவரம்பு. அத்தனையும் வாங்கிக் குவிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பெரியவர்களின் மட்டையை நீளம் குறைத்துக் கொடுப்பார்கள். அதை ஏற்காதீர்கள். நீளம் குறையுமே தவிர எடையும் விறைப்பும் குறையாது. தவறான அசைவு உடம்பில் ஏறிவிடும். அவள் உயரத்துக்கு ஏற்ற சிறுவர் மட்டையைச் சில நேரம் இரவல் வாங்கிக்கொள்ளலாம், கேட்டுப் பாருங்கள். பணியாளர் குடும்பத்தினர் எந்த நாளில், எந்த நேரத்தில் திடலைப் பயன்படுத்தலாம் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டால் பிறகு சங்கடம் வராது. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது தூர அடியை விட்டுவிட்டு உருட்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் பந்து விலகுவதைத் தன் தப்பு என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அதிதி அசோக்கைப் பற்றி அவளுக்குச் சொல்லுங்கள். பெங்களூர்ப் பெண். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம், ஒரே ஒரு அடியில் பதக்கம் போனது. நான்கு நாள், 72 குழிகள், அத்தனைக்கும் சேர்த்து ஒரு அடி. மற்ற பலர் அளவுக்கு அவர் பந்தைத் தூரமாக அடிப்பவர் அல்ல. அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுபோனதில் பெரும் பங்கு உருட்டு மட்டைக்குத்தான்.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் குழம்பாதா என்று கேட்பீர்கள். பதின்மூன்று வயதில் குழப்பத்தை விட லாபம் அதிகம். இடுப்பைச் சுழற்றி, காலிலிருந்து பலத்தை எடுத்துக் கைக்குக் கொண்டுவருவது இரண்டிலும் ஒன்றுதான். ஆட்டம் இருக்கும் வாரத்தில் மட்டும் கோல்ஃபை நிறுத்தி வையுங்கள், ஏனென்றால் பேட்டைக் கிடைமட்டமாகச் சுழற்றுவதும் தரையில் இருப்பதை அடிக்கக் குனிந்து சுழற்றுவதும் ஒன்றோடொன்று கலந்துவிடும். எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பேச்சைப் பத்தாம் வகுப்பு முடியும்வரை வீட்டில் எடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அவள் கை நல்ல கை என்றால் பி.டி. சார் அவளைப் பிட்ச்சர் ஆக்கப் பார்ப்பார். அப்போது நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். வளரும் முழங்கைக்கு அளவுக்கு மீறிய எறிதல் நல்லதல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் அமைப்புகள் வைத்திருக்கும் வரம்பின்படி 13, 14 வயதில் ஒரு நாளைக்கு 95 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 66 அல்லது அதற்கு மேல் எறிந்துவிட்டால் நான்கு நாள் ஓய்வு. பயிற்சியில் எறிவதும் கைக்கு ஏறும் சுமைதான் என்பதால், ஆட்டத்துக்கு முந்திய நாள்களில் அதையும் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதியும் எண்ணிக்கையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள், சாரும் மறுக்கமாட்டார். வளைந்து போகும் பந்தை இப்போதே கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளலாம். முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று அவள் ஒரு நாள் சொன்னால், தைலம் தேய்த்து மறுநாள் அனுப்பிவிடாதீர்கள். எறிவதை உடனே நிறுத்திவிட்டு, ஒரு வாரத்தில் வலி போகவில்லை என்றால் பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த நாள்களில் அவள் ஓடலாம், உருட்டு மட்டையைப் பிடிக்கலாம், டீமோடு போய் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்கலாம்.